கறுப்புக் கல் காப்பாற்றுமா?

புதுக்கோட்டை மாவட்டம் கட்டுமாவடியிலிருந்து ஏழாம் வகுப்பு படிக்கும் தங்கை ஒருத்தி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். பெயரைப் போட வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறாள். கடிதத்தை நீங்களும் படியுங்கள்.

"என் அப்பா நாட்டுப் படகில் கடலுக்குப் போகிறார். போன வாரம் மீன் மார்க்கெட் பக்கம் ஒருவர் துணி விரித்து மோதிரக் கல் விற்றார். கறுப்பாக, கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு கல் இருந்தது. அதன் பெயர் ஓனிக்ஸ் என்றார். அதைப் போட்டுக்கொண்டால் கடலில் ஆபத்து வராது, எதிரிகள் ஒழிவார்கள், கடன் தீரும் என்று சொன்னார். விலை 1,500 ரூபாய். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து அப்பாவுக்கு வாங்கித் தரலாமா என்று யோசிக்கிறார். அந்தப் பணம் என் சைக்கிளுக்காகச் சேர்த்தது. சைக்கிள் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஆனால் அந்தக் கல் நிஜமாகவே அப்பாவைக் காப்பாற்றுமா? அதை மட்டும் சொல்லுங்கள்."

படித்ததும் மனசு கனத்துவிட்டது, குட்டீஸ்! சைக்கிளை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும் இந்தத் தங்கைக்கு 'ஆமாம்', 'இல்லை' என்று ஒரு வரியில் பதில் சொன்னால் போதாது. அந்தக் கல்லைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொண்டு, பிறகு பதிலுக்கு வருவோம். வாருங்கள்!

நகத்திலிருந்து வந்த பெயர்

ஓனிக்ஸ் என்பது கிரேக்கச் சொல். அதற்கு என்ன பொருள் தெரியுமா? நகம்! உங்கள் விரல் நகத்தை உற்றுப் பாருங்கள். இளஞ்சிவப்பாக ஒரு பகுதி, நுனியில் வெள்ளையாக ஒரு கோடு. இப்படி நிறம் மாறி மாறிக் கோடு கோடாக இருந்த கல்லுக்குத்தான் கிரேக்கர்கள் 'நகம்' என்று பெயர் வைத்தார்கள்.

இதற்கு ஒரு கதையும் உண்டு. வீனஸ் என்ற அழகு தேவதை தூங்கிக்கொண்டிருந்தாளாம். அவள் மகன் கியூபிட் சரியான வால் பையன். தன் அம்பு முனையால் அம்மாவின் நகங்களை வெட்டிப் போட்டுவிட்டான். தேவதையின் நகம் மண்ணோடு மண்ணாக மக்கிப் போகலாமா? விதியின் தேவதைகள் அந்தத் துண்டுகளைக் கல்லாக மாற்றிவிட்டார்களாம். அந்தக் கல்தான் ஓனிக்ஸ் என்று கதை முடிகிறது.

நம் ஊரில் இந்தக் கல்லின் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில் ஓனிக்ஸ் வரும் இடங்களில் 'கோமேதகம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் நகைக் கடையில் நவரத்தினங்களில் ஒன்றாகக் காட்டும் கோமேதகம் வேறு. அது தேன் நிறத்தில் இருக்கும் வேறொரு வகைக் கல். ஓனிக்ஸ் நவரத்தினப் பட்டியலிலேயே கிடையாது. அதனால் கடைக்காரர்கள் இன்று 'ஓனிக்ஸ்' என்றே சொல்கிறார்கள்.

வெங்காயமும் சப்பாத்தியும்

இந்தக் கல் எப்படி உருவாகிறது? உப்புத் தண்ணீரை அடிக்கடி காய்ச்சும் பாத்திரத்தின் அடியைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளையாக ஒரு படலம் படிந்திருக்கும். தினமும் காய்ச்சக் காய்ச்ச அது தடித்துக்கொண்டே போகும். ஓனிக்ஸ் பிறந்த கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் இருக்கும் பகுதிகளில் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு ஆறாக ஓடியது. டைனோசர்களின் கடைசிக் காலம் அது! குழம்பு ஆறி இறுகியபோது, அதற்குள் இருந்த வாயுக் குமிழிகள் ஓட்டைகளாக நின்றுவிட்டன. பணியாரத்தைப் பிய்த்தால் உள்ளே பொந்து பொந்தாக இருக்குமே, அதுபோல!

பிறகு அந்தப் பாறைகளுக்குள் தண்ணீர் கசிந்தது. அதில் சிலிகா கரைந்திருந்தது. வீடு கட்டக் குவித்து வைத்திருக்கும் ஆற்று மணலில் மின்னுகிறதே, அதே பொருள்தான் சிலிகா. அது ஓட்டைகளுக்குள் ஒரு படலம் படிந்தது. அதன்மேல் இன்னொரு படலம். அதன்மேல் இன்னொன்று. தண்ணீரில் வேறு பொருள்கள் கலந்தபோது படலத்தின் நிறமும் மாறியது. இரும்பு கலந்தால் சிவப்பு, பழுப்பு. எதுவும் கலக்காவிட்டால் வெள்ளை, சாம்பல்.

இப்படி உருவான கற்கள் ஒரு பெரிய குடும்பம். கோடுகள் வளைந்து வளைந்து, நறுக்கிய வெங்காயம் போல இருந்தால் அதன் பெயர் அகேட். அடுக்கி வைத்த சப்பாத்தி போலக் கோடுகள் நேராக இருந்தால் ஓனிக்ஸ். செம்பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி வந்தால் சார்டோனிக்ஸ். கோடே இல்லாமல் ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் இருந்தால் சூதுபவளம். நம் கடற்கரை ஊர்களில் பெரியவர்கள் சிலர் வெள்ளி மோதிரத்தில் 'அகீக்' கல் பதித்துப் போட்டிருப்பார்கள். அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்!

கறுப்பு எங்கிருந்து வந்தது?

இப்போது ஒரு ரகசியம். கல் முழுக்க ஒரே கறுப்பாக இருக்கும் ஓனிக்ஸ் இயற்கையில் மிக அரிது. கடைகளில் விற்கும் கறுப்பு ஓனிக்ஸில் பெரும்பாலானவை சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றியவை.

எப்படிச் சாயம் ஏற்றுகிறார்கள் தெரியுமா? சர்க்கரையால்! இந்தக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துளைகள் உண்டு. கல்லைச் சர்க்கரைப் பாகிலோ தேனிலோ நாள் கணக்கில் ஊறப் போடுவார்கள். இனிப்பு துளைகளுக்குள் மெல்ல இறங்கும். பிறகு கல்லைக் கந்தக அமிலத்தில் போட்டுச் சூடாக்குவார்கள். அமிலம் சர்க்கரையில் இருக்கும் தண்ணீர்ப் பகுதியை உறிஞ்சிவிடும். மிச்சம் இருப்பது கரி மட்டும். கல் கன்னங்கரேல் என்று ஆகிவிடும்!

(கந்தக அமிலம் தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. சரியா?)

இது நேற்று வந்த வித்தை அல்ல. சுமார் 1,950 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த பிளினி என்ற ரோமானிய அறிஞர், கற்களைத் தேனில் வேக வைத்தால் பளபளப்பு கூடும் என்று எழுதி வைத்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் உள்ள இடார் ஓபர்ஸ்டைன் என்ற ஊர்க்காரர்கள் இந்தச் சாயத் தொழிலில் உலகப் புகழ் பெற்றார்கள்.

சாயம் ஏற்றியதால் கல் போலி ஆகிவிடாது. கல் உண்மையான கல்தான். ஆனால் விற்பவர் அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும். சாதாரண சாம்பல் கல்லைச் சர்க்கரையில் ஊற வைத்துவிட்டு, "மலைக் குகையில் கிடைத்த அபூர்வக் கல்" என்று விலை சொன்னால்? அது ஏமாற்று வேலை!

ஒரே கல், ஊருக்கு ஒரு பலன்

மோதிரம் விற்றவர் சொன்ன 'பலன்' விஷயத்துக்கு வருவோம். ஓனிக்ஸ் பற்றி உலகம் என்னவெல்லாம் நம்பியது என்று பாருங்கள்.

* பழைய ரோமில் போர்வீரர்கள் சார்டோனிக்ஸ் கல்லில் போர்க் கடவுளின் உருவத்தைச் செதுக்கி அணிந்தார்கள். அது வீரம் தரும் என்று நம்பினார்கள்.

* அரபு மொழியில் இந்தக் கல்லின் பெயர், துக்கம் என்ற பொருள் தரும் சொல்லோடு தொடர்புடையது. அதனால் அங்கே பலர் இதைச் சோகக் கல் என்று ஒதுக்கினார்கள்.

* இடைக்கால ஐரோப்பாவில் இதைப் போட்டுக்கொண்டு தூங்கினால் கெட்ட கனவு வரும், சண்டை வரும் என்று பயந்தார்கள்.

* இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியின் கணவர் 1861ஆம் ஆண்டு இறந்த பிறகு, துக்கம் காட்டக் கறுப்பு நகை அணியும் வழக்கம் நாடெங்கும் பரவியது. கறுப்பு ஓனிக்ஸும் அதில் ஒன்று.

* அமெரிக்காவிலோ ஏழாவது திருமண நாளுக்கு மகிழ்ச்சியாகப் பரிசு தரும் கல் இது!

வீரம், சோகம், சண்டை, துக்கம், கல்யாணப் பரிசு! எல்லாம் ஒரே கல்தான். கல்லுக்குள் நிஜமாகவே ஏதோ ஒரு சக்தி இருந்தால், அது ரோமிலும் அரேபியாவிலும் ஒரே மாதிரி அல்லவா வேலை செய்திருக்க வேண்டும்? பாராசிட்டமால் மாத்திரை எந்த ஊரில் சாப்பிட்டாலும் காய்ச்சலைத் தணிக்கிறதே! அப்படியானால் இந்தப் 'பலன்' கல்லில் இல்லை, அதைப் பார்த்த மனிதர்களின் மனசில் இருந்தது என்றுதானே அர்த்தம்?

'பிறந்த மாதக் கல்' என்று ஒரு பட்டியல் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆகஸ்ட் மாதத்தில் பிறந்தவர்களுக்குச் சார்டோனிக்ஸ் என்று அதில் இருக்கும். இன்று புழங்கும் இந்தப் பட்டியலை 1912ஆம் ஆண்டு ஒழுங்குபடுத்தி வெளியிட்டது யார் தெரியுமா? முனிவர்களும் அல்ல, விஞ்ஞானிகளும் அல்ல. அமெரிக்க நகை வியாபாரிகளின் சங்கம்!

முத்திரையும் சிற்பமும்

பலன் கதைகளை ஓரமாக வைத்துவிடுவோம். ஓனிக்ஸ் நிஜமாகவே பயன்பட்ட இடங்கள் உண்டு. அவை இன்னும் சுவையானவை.

பழங்காலத்தில் கடிதத்தை மூடி, உருகிய மெழுகை ஊற்றி, அதன்மேல் மோதிரத்தை அழுத்தி முத்திரை வைப்பார்கள். பல கற்களில் மெழுகு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். சார்டோனிக்ஸில் ஒட்டாது! முத்திரை தெளிவாக விழும். அதனால் ரோமானியர்கள் இந்தக் கல்லில் உருவம் செதுக்கி முத்திரை மோதிரமாகப் போட்டார்கள். அதுதான் அவர்களின் கையெழுத்து.

இன்னொன்று அடுக்குச் சிற்பம். கல்லின் மேல் அடுக்கு வெள்ளை, கீழ் அடுக்கு கறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிற்பி மேலே உள்ள வெள்ளையில் மனித உருவத்தை விட்டுவிட்டு, மற்ற வெள்ளையை எல்லாம் சுரண்டி எடுத்துவிடுவார். கறுப்புப் பின்னணியில் வெள்ளை உருவம் எழுந்து நிற்கும்! ஆஸ்திரியாவின் வியன்னா நகர அருங்காட்சியகத்தில் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்துச் சிற்பம் இப்படி ஒன்று இருக்கிறது. அகலம் 23 சென்டிமீட்டர்தான். உங்கள் நோட்டுப் புத்தக அளவு! பாரிஸில் உள்ள இன்னொரு சிற்பத்தை ஐந்து அடுக்குக் கொண்ட சார்டோனிக்ஸில் செதுக்கியிருக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்துக் கற்கள் இரும்புக் கத்தியைவிடக் கடினமானவை. அதனால் அறிவியல் கூடங்களில் பொருள்களைப் பொடியாக்கும் சின்ன உரலும் குழவியும் அகேட்டில் செய்கிறார்கள். பழைய காலத்து நுட்பமான தராசுகளில் தட்டைத் தாங்கும் கூர்மையான முனைகளும் அகேட்டால் ஆனவைதான். எத்தனை முறை அசைந்தாலும் தேயாது!

கப்பலேறிய கற்கள்

ரோமாபுரிக்கு இந்தக் கற்கள் எங்கிருந்து போயின? கொஞ்சம் நம் நாட்டிலிருந்தும்தான்! கிரேக்க மாலுமி ஒருவர் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பயணக் குறிப்பு எழுதினார். 'பெரிப்ளஸ்' என்று அதைச் சொல்வார்கள். உஜ்ஜயினியிலிருந்து ஓனிக்ஸ் கற்கள் குஜராத்தில் உள்ள பரூச் துறைமுகத்துக்கு வந்து கப்பலேறின என்று அதில் இருக்கிறது. குஜராத்தின் காம்பாத் நகரில் இன்றும் அகேட் கற்களை வெட்டி மெருகேற்றும் குடும்பங்கள் இருக்கின்றன.

அதே பயணக் குறிப்பில் நம் தமிழகத் துறைமுகங்களின் பெயர்களும் வருகின்றன. நம் கைவினைஞர்களும் சும்மா இருக்கவில்லை!

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. சங்க நூலான பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருவது இந்த ஊர்தான் என்கிறார்கள். 1985ஆம் ஆண்டு தொடங்கி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தது. பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம், அகேட், ஓனிக்ஸ் என்று பலவகை மணிகள் கிடைத்தன. ஒரே ஒரு ஈமக்குழியில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள்!

ஆனால் ஆய்வாளர்களை இன்னும் அதிகமாகக் குதிக்க வைத்தது எது தெரியுமா? பாதி செய்த மணிகள்! பட்டை தீட்டியும் துளை போடாதவை, துளை போட்டும் மெருகேற்றாதவை, உடைந்த துண்டுகள், கழிவுக் கற்கள். இவை எல்லாம் இருந்ததால்தான் "மணிகளை வெளியூரிலிருந்து வாங்கவில்லை, இங்கேயே பட்டறை இருந்தது" என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

ஒரு மணி செய்வது லேசான வேலை இல்லை. முதலில் கல்லைத் தட்டித் தட்டி உருவம் கொண்டுவர வேண்டும். பிறகு சாணைக் கல்லில் தேய்க்க வேண்டும். பிறகு துளை. மின்சாரம் இல்லாத காலம் அது. ஒரு குச்சியில் வில்லின் நாணைச் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் குச்சி கரகரவென்று சுழலும். அதன் முனையில் மிகக் கடினமான ஒரு கல் துணுக்கு இருக்கும். அதைக் கொண்டு நூல் நுழையும் அளவுக்குத் துளை போடுவார்கள். ஒரு பக்கம் பாதி, மறுபக்கம் மீதி. இரண்டும் நடுவில் சரியாகச் சந்திக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் மணி இரண்டாகத் தெறித்துவிடும்!

புதுக்கோட்டை மண்ணிலும் உண்டு!

கட்டுமாவடி இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக்கே வருவோம். புதுக்கோட்டை நகருக்குப் பக்கத்தில் பொற்பனைக்கோட்டை இருக்கிறது. சங்க காலக் கோட்டை இருந்த இடம். 2023ஆம் ஆண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு தொடங்கியது. தங்க மூக்குத்தி, எலும்பால் ஆன கூர்முனை ஆகியவற்றோடு சூதுபவள மணி ஒன்றும் வெளிவந்தது. நம் ஓனிக்ஸின் உடன்பிறப்பு!

இதே மாவட்டத்துக் கருக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின்மேல் உளியால் ஒரு வெட்டு. அவற்றில் பல இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கட்டுமாவடிக்குத் தெற்கே அதே கடலோரமாகப் போனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் அழகன்குளம் வருகிறது. அங்கே கிடைத்த பானை ஓடு ஒன்றில் கப்பல் படமே கீறியிருக்கிறார்கள்! இந்தக் கடல் வழியாகப் பொன்னும் மணியும் போய் வந்திருக்கின்றன என்பதற்கு இவை எல்லாம் சாட்சி.

இன்னொரு சுவையான செய்தி. திருச்சி, புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழில் வீட்டுக்கு வீடு நடந்தது. இயந்திரத்தில் பட்டை தீட்டிய சீனக் கற்கள் வந்த பிறகு பலர் அதை விட்டுவிட்டார்கள். உங்கள் பாட்டியோ அத்தையோ கூடச் சாணைச் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள். ஒரு கல்லுக்கு எத்தனை பட்டை, ஒரு நாளைக்கு எத்தனை கல், என்ன கூலி என்று கதை கதையாகச் சொல்வார்கள்!

மழைக்குப் பிறகு மண்மேட்டில் மணி கிடைத்தால்?

பழைய ஊர் இருந்த மேடுகளில் மழை பெய்தால் சில நேரம் மணிகள் மேலே தெரியும். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கை துறுதுறுக்கும். வேண்டாம்! மணி எந்த ஆழத்தில், எந்தப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது என்பதுதான் அதன் முகவரி. முகவரியைக் கிழித்துவிட்டால் கடிதம் யாருடையது என்று எப்படித் தெரியும்? கிடந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் ஆசிரியரிடமோ, கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள். அருகில் பார்க்க ஆசையாக இருந்தால் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1910ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது!

செய்து பாருங்கள்!

வீட்டு ஷோகேஸில் 'ஓனிக்ஸ்' என்று சொல்லி வாங்கிய பேனா ஸ்டாண்டோ, பூ ஜாடியோ இருக்கிறதா? அவற்றில் பெரும்பாலானவை ஓனிக்ஸே அல்ல. கோடு கோடாக இருக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக் கல். வியாபாரப் பெயர் 'ஓனிக்ஸ் மார்பிள்'.

1. பெரியவர்களிடம் அனுமதி கேளுங்கள். பொருளைத் திருப்பி, அடிப்பக்கத்தில் யாருக்கும் தெரியாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

2. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். குட்டிக் குட்டிக் குமிழ்கள் கிளம்பினாலோ, துடைத்த பிறகு அந்த இடம் மங்கிப் போனாலோ அது சுண்ணாம்புக் கல். உண்மையான ஓனிக்ஸில் ஒன்றும் நடக்காது.

3. அதே இடத்தில் இரும்பு ஆணியால் லேசாகக் கீறிப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லில் கீறல் விழும். ஓனிக்ஸில் விழாது.

4. கவனம்! கறுப்புக் கண்ணாடியிலும் ஆணிக் கீறல் விழாது. அதனால் 'கீறல் விழவில்லை, எனவே அசல்' என்று முடிவு செய்துவிடக் கூடாது. கண்ணாடிக்குள் சில நேரம் காற்றுக் குமிழி தெரியும். உறுதியாகச் சொல்ல ரத்தினப் பரிசோதனைக் கூடத்தால்தான் முடியும்.

இப்போது தெரிகிறதா? சந்தையில் ஒருவர் மோதிரக் கல்லை ஆணியால் கீறிக் காட்டி, "பாருங்க, அசல் ஓனிக்ஸ்!" என்றால் அது போதுமான சாட்சி அல்ல.

கட்டுமாவடித் தங்கைக்கு...

அன்புத் தங்கையே! உன் கேள்விக்கு வந்துவிட்டோம்.

ஓனிக்ஸ் அழகான கல். 6 கோடி ஆண்டுக் கதை சொல்லும் கல். அப்பாவுக்குப் பிடித்து, கைக்கு அழகாக இருக்கிறது என்று ஒருநாள் வாங்கினால் தப்பே இல்லை. ஆனால் அது அலையை நிறுத்தாது. காற்றைத் திருப்பாது. கடனை அடைக்காது. சர்க்கரையில் ஊறிக் கறுத்த கல்லுக்கு உன் அப்பா எந்தக் கடலில் இருக்கிறார் என்பதே தெரியாது.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தது. உங்கள் பக்கத்தில் எத்தனை படகுகள் உடைந்தன, எத்தனை தென்னைகள் சாய்ந்தன என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அந்தப் புயலுக்குப் பல நாட்களுக்கு முன்பே "கடலுக்குப் போகாதீர்கள், போனவர்கள் திரும்பி வாருங்கள்" என்று வானிலை ஆய்வு மையம் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைக் கேட்டுக் கரையில் நின்றவர்களைக் காப்பாற்றியது மோதிரம் அல்ல, அந்தச் செய்திதான்.

அதனால் அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பார். "அம்மா, அப்பாவைக் கடலில் காப்பாற்றத்தானே இந்தப் பணம்? அப்படியென்றால் கடலில் மிதக்கிற பொருளை வாங்குவோம். கல் தண்ணீரில் மூழ்கும். லைஃப் ஜாக்கெட் மிதக்கும்!" அப்பாவிடம் ஏற்கெனவே லைஃப் ஜாக்கெட் இருந்தால், அது படகில் இருக்கிறதா, வீட்டுப் பரணில் இருக்கிறதா என்று பார். கடலுக்குப் போகும் முன் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துச் சொல்லும் வேலையை நீயே எடுத்துக்கொள். கடலோரக் காவல் படையின் அவசர உதவி எண் 1554. அதை அப்பாவின் போனில் பதிந்து கொடு. சின்ன அட்டையில் எழுதி, பாலிதீன் உறையில் போட்டுப் படகிலும் கட்டிவிடச் சொல்.

அம்மாவைக் கோபிக்காதே. அவர் வாங்க நினைத்தது கல்லை அல்ல. அப்பா பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்ற நிம்மதியை. அந்த அன்பு உண்மையானது. அந்த அன்பை விலை பேசுபவரிடம்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை அந்த மோதிரக்காரர் வந்தால் கல்லைக் கையில் வாங்கி ஆசை தீரப் பார். "இது சாயம் ஏற்றியதா, அண்ணே? சர்க்கரையில் ஊற வைத்ததா?" என்று கேள். அவர் முகத்தையும் பார். என்ன பதில் சொன்னார் என்று எங்களுக்கு மறக்காமல் எழுது!

என்ன குட்டீஸ், உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் 'பலன்' சொல்லி விற்கும் பொருள்கள் வேறு என்னென்ன இருக்கின்றன? யோசித்து ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது எப்படி வேலை செய்கிறது?" என்று ஒரு கேள்வி எழுதுங்கள். பதில் கிடைக்காத கேள்விகளை நமக்கு அனுப்புங்கள். சேர்ந்து தேடுவோம்!